கீழே வைத்த டம்ளர்

எங்கள் மையத்துக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள். "நான் பண்ணலைங்க, அப்படி ஆயிப்போச்சு." மிச்சக் கால்வாசி நல்லது ஏதாவது செய்துவிட்டு வருகிறவர்கள். அவர்கள், "நாந்தானுங்க பண்ணேன், வேற யாருமில்லை" என்பார்கள். ஆறு வருஷமாக இதே பாட்டைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போய்விட்டது.

என் பெயர் கோகிலவாணி. உடுமலையில் வட்டாரக் காரணப் பகுப்பு மையத்தில் பகுப்பாளர். ஊரில் சனங்கள் அதைக் காரணப் பெட்டி என்கிறார்கள். பெட்டி என்று ஒரு மண்ணும் கிடையாது. ஒரு நாற்காலி, தலையில் மாட்டுகிற தொப்பி, ஒரு திரை, ஒரு பிரிண்டர். நீங்கள் உட்கார்ந்து, செய்த காரியத்தை நடந்தது நடந்தபடி சொல்ல வேண்டும். சொல்லும்போது தலைக்குள் எந்த நினைவு எங்கிருந்து எழுகிறது என்று தொப்பி பார்த்துக்கொள்ளும். உங்களைப் பற்றிய போலீஸ், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடக் காகிதங்கள் எல்லாம் முன்பே மெஷினுக்குள் போயிருக்கும். வீட்டார் எழுதிக் கொடுக்கிற படிவமும் போகும். கால் மணி நேரத்தில் நூற்றுக்கு இவ்வளவு என்று ஓர் எண் வரும். அந்தக் காரியத்தை எவ்வளவு நீங்கள் செய்தீர்கள், எவ்வளவு சூழ்நிலை செய்தது என்கிற எண். உங்கள் பங்குக்குப் பெயர் சுயப்பங்கு.

முதலில் இதைக் கோர்ட்டில்தான் கேட்டார்கள். பிறகு வேலைக்குக் கேட்டார்கள், காலேஜ் சேர்க்கைக்குக் கேட்டார்கள். இப்போது பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாதகத்தோடு இதையும் கேட்கிறார்கள். பையன் சிகரெட்டை விட்டானாமே, அதில் அவன் பங்கு எவ்வளவு? கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பதால் அந்த மாதிரி ஆட்களிடம் ஏதாவது சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்வேன்.

திருமலைச்சாமி அண்ணன் வந்தது ஆவணி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ஆம்புலன்ஸ் டிரைவர்களின் வெள்ளைச் சட்டை, தேய்த்த மடிப்புக் கலையாமல். பக்கத்தில் அவர் மனைவி துளசிமணி. அண்ணனை எனக்கு மட்டுமல்ல, உடுமலைக்கே தெரியும். ஒரு காலத்தில் பஸ் ஸ்டாண்டிலிருந்து சந்தை வரைக்கும் அவர் விழுந்து கிடக்காத சாக்கடை கிடையாது. கடைக் கண்ணாடியை உடைத்த வழக்கு ஒன்றும் உண்டு. பதினொரு வருஷத்துக்கு முன் ஒரே நாளில் குடியை விட்டுவிட்டார். அதன் பிறகு அவருக்குப் பெயரே 'நிறுத்தின திருமலைச்சாமி' என்றாகிவிட்டது. போனில்கூட அப்படித்தான் பதிந்து வைத்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆம்புலன்ஸ் நிற்கிற கொட்டகைக்குப் பெண்கள் தங்கள் வீட்டுக்காரர்களை இழுத்துக்கொண்டு வருவார்கள். அண்ணன் புத்திமதி ஒன்றும் சொல்ல மாட்டார். தான் நிறுத்திய கதையை மட்டும் சொல்லி டீ வாங்கிக் கொடுத்து அனுப்புவார். அதிலேயே நாலைந்து பேர் நிறுத்தியிருக்கிறார்கள்.

"ஏனம்மிணி, இதுல உக்காந்தா வலிக்குமுங்களா?" என்றார்.

"வலிக்காதுங்ணா. தலைமுடி கொஞ்சம் கலையும். உங்களுக்கு அந்தக் கவலையும் இல்லை."

வழுக்கையைத் தடவிக்கொண்டு சிரித்தார். துளசிமணி அக்கா சிரிக்கவில்லை. அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

"பதினொரு வருசமா வண்டி ஓட்டறேன். ஒரு உரசல் கெடையாது. இப்ப எதுக்குங்க இது?"

"புது விதிங்ணா. முன்னாடி குடிச்சிட்டு இருந்தவங்க அவசர வண்டி ஓட்டணும்னா, அவங்களாத்தான் விட்டாங்களான்னு பார்க்கணுமாம். நாப்பதுக்கு மேல வரணும்."

"கீழ வந்துச்சுன்னா?"

"நீங்களா விடலை, வேற ஏதோ விட வெச்சுதுன்னு அர்த்தம். அந்த ஏதோ ஒண்ணு நாளைக்கு இல்லாமப் போனா மறுபடி ஆரம்பிச்சிருவீங்கன்னு ஒரு நெனப்பு. லைசென்ஸ் போயிரும்."

"அட, அவ்வளவுதானுங்களா? எனக்கு நூறு வருமுங்க அம்மிணி."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. தொப்பியை மாட்டிவிட்டு, சொல்லுங்கள் என்றேன். கொட்டகையில் நூறு தடவை சொன்ன கதைதான். ஆனாலும் அவர் கண்ணை மூடிக்கொண்டு, அங்கேயே போய் உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

"பங்குனி மாசமுங்க. நல்ல வெயிலு. மத்தியானம் ரெண்டு மணி இருக்கும். கடையில நான் எப்பவும் உக்கார்ற மூலை. ஊத்தியாச்சு, தண்ணியும் கலந்தாச்சு. டம்ளரை எடுத்து வாய்கிட்டக் கொண்டுபோனேன். போதும்னு தோணுச்சுங்க. கீழ வெச்சுட்டேன். பக்கத்துல இருந்தவன் 'என்ன மாப்ளே'ன்னான். 'நீ குடிச்சுக்கோ'ன்னுட்டு எந்திரிச்சு வந்துட்டேன். அவ்வளவுதானுங்க."

விதிப்படி நான் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. "ஏன் அப்படித் தோணுச்சுங்ணா? வீட்ல சண்டையா? உடம்புக்கு முடியலையா? யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?"

"இதையேதான் எல்லாரும் கேக்கறாங்க. சாமி வந்துச்சா, கனவு கண்டயா, எவனாச்சும் செத்துப்போனானான்னு. ஒண்ணுமே இல்லைங்க அம்மிணி. காரணமே இல்லை. அதனாலதான் அது எம்படது, எனக்கே சொந்தமுங்க. ஒரு காரணம் இருந்திருந்தா, பேரு அதுக்கல்ல போயிருக்கும்?"

திரையைப் பார்த்தேன். அவர் சொன்னதும் தலைக்குள் எழுந்ததும் ஒன்றோடு ஒன்று அப்படியே பொருந்தின. வெயில், டம்ளர், வாய், மேஜை. இடையில் கலப்படம் எதுவும் இல்லை. ஆறு வருஷத்தில் இவ்வளவு சுத்தமான ஒரு நினைவை நான் பார்த்ததே இல்லை. சந்தோஷமாக இருந்தது. ஒரு மனுஷர் தன் காரியத்தைத் தானே செய்திருக்கிறார் என்று என் கண்ணால் பார்த்தேன்.

வெளி அறையில் துளசிமணி அக்கா வீட்டார் படிவத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆறு கேள்விக்கு எழுதியாகிவிட்டது. ஏழாவதற்கு நேராகப் பேனா நின்றுகொண்டிருந்தது. 'அவருக்குத் தெரியாமல் வீட்டார் ஏதேனும் செய்ததுண்டா?'

"இதுக்கு இல்லைன்னு போட்டுரட்டுங்களா அம்மிணி?"

"இல்லைன்னா இல்லைன்னு போடுங்கக்கா."

"இருந்துச்சுன்னா?"

எனக்குப் பசி. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு வந்திருந்தேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் எனக்குச் சொல்லிக் கொடுத்த வாக்கியத்தை அவரிடம் சொன்னேன். "மறைச்சா மெஷின் கண்டுபிடிச்சிரும்க்கா. அப்புறம் மொத்தமும் ரத்தாயிரும்."

பச்சைப் பொய். காகிதத்தில் இல்லாதது மெஷினுக்குத் தெரியாது. சனங்கள் உண்மையை எழுத வேண்டும் என்பதற்காக எல்லோரிடமும் சொல்கிற பொய். அக்கா பயந்துபோய் நாலு வரி எழுதினார். நான் அதைப் படிக்கவில்லை. நேராகப் படிவத்தை உள்ளே செலுத்திவிட்டு, தயிர்ச்சோறு சாப்பிடப் போனேன்.

சாப்பிட்டுக் கை கழுவி வந்தால், பிரிண்டரில் தாள் தயாராக இருந்தது.

சுயப்பங்கு: ஆறு.

அறுபதாக இருக்கும், சுழி விட்டுப்போயிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. ஆறுதான். முடிவை அன்றைக்கே, சம்பந்தப்பட்டவரையும் வீட்டாரையும் சேர்த்து உட்காரவைத்து, வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. அதையும் யோசிக்காமல் செய்தேன். "மாற்றத்துக்கு முதன்மைக் காரணம், மனைவி நாற்பத்தெட்டு நாட்கள் குழம்பில் கலந்து கொடுத்த குடி நிறுத்தும் பொடி. கொடுக்கத் தொடங்கிய ஒன்பதாம் நாளில் சம்பவம் நிகழ்ந்துள்ளது." படித்து முடித்த பிறகுதான் என்ன படித்தேன் என்று உறைத்தது.

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. பெண்டாட்டியைப் பார்த்தார்.

"என்ன பொடி தொளசி?"

"பழனி போற பஸ்ஸுல நோட்டீஸ் குடுத்தாங்க மாமா. அவங்களுக்குத் தெரியாமச் சோத்துல கலந்து குடுத்தா, தானா வெறுத்துப்போகும்னு. போய் வாங்கிட்டு வந்தேன்."

"பதினொரு வருசமா ஒரு வார்த்தை சொல்லலையே நீ."

"நீங்க சந்தோசமா இருந்தீங்க. நாந்தான் நிறுத்துனேன், நாந்தான் நிறுத்துனேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு... அதைப் போய்க் கெடுப்பானேன்னு இருந்துட்டேன்."

"அப்ப ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை அத்தனை பேர்த்துகிட்டயும் நான் சொன்னது?"

அவர் சட்டைப் பையிலிருந்து ஆம்புலன்ஸ் சாவியை எடுத்து என் மேஜைமேல் வைத்தார். "இதை இங்க குடுக்கணுமுங்களா அம்மிணி, இல்ல கொட்டகையில குடுக்கணுமுங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார். அங்கே என்றேன். மறுபடி எடுத்துக்கொண்டு போனார். அக்கா பத்தடி தள்ளிப் பின்னால் போனார்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. தாளை எடுத்துக்கொண்டு எங்கள் அதிகாரி சந்தானகிருஷ்ணன் சாரின் அறைக்குப் போனேன். அவர் ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. எதற்கும் பதற மாட்டார்.

"சார், இது அநியாயம். அவர் சொன்னப்போ திரையைப் பார்த்தேன். குமட்டல் இல்லை, வெறுப்பு இல்லை. பொடிக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இந்த மெஷின் தேதியை மட்டும் பார்த்துட்டு முடிவு கட்டுது."

"காரணம் இல்லைன்னு அவர் சொல்லியிருப்பாரே?"

"ஆமா சார்."

"அதுதான் வினை. இது காரணம் கண்டுபிடிக்கிற மெஷின்மா. காலி இடத்தைக் காட்டினா, கையில கிடைச்சதை எடுத்து அடைக்கும். சரி, இது எதைப் படிச்சுக் கத்துக்கிட்டதுன்னு தெரியுமா உனக்கு?"

"பழைய ரிக்கார்டுகளை."

"நாப்பது வருஷத்துத் தீர்ப்பு, போலீஸ் குறிப்பு, நடத்தைச் சான்றிதழ். எல்லாம் நம்ம ஆளுங்க கைப்பட எழுதினது. ஒரு குடிகாரன் திருந்தினா நாம என்ன எழுதுவோம்? பொண்டாட்டி புண்ணியம், டாக்டர் புண்ணியம், கோயில் புண்ணியம். அவனே திருந்தினான்னு எவனாவது எழுதியிருக்கானா?"

"அதே ஆள் மறுபடி குடிச்சா?"

"அவன் புத்தி அப்படின்னு எழுதுவோம்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போன மாசம் மில்காரர் மகன் பிளாட்பாரத்துல காரை ஏத்தினானே, சுயப்பங்கு ஒன்பது. தூக்கமில்லை, மன அழுத்தம், ரோட்டுல விளக்கு எரியலை. அதே பையன் ரத்த தானம் பண்ணினதுக்கு எவ்வளவு வந்துச்சு தெரியுமா? தொண்ணூத்தி மூணு. மெஷின் ஓரவஞ்சனை பண்ணலைம்மா. நம்மளைப் பார்த்து அப்படியே எழுதுது, அவ்வளவுதான்."

"தெரிஞ்சேதான் இத்தனை வருஷமா கையெழுத்துப் போடறீங்களா சார்?"

"நீ போடலையா?" என்றார். பிறகு கொஞ்சம் இரக்கப்பட்டு, "மறுபகுப்புக்கு எழுதிப் போடு. ஆனா புது ஆதாரம் வேணும்" என்றார்.

புது ஆதாரம் இரண்டு வாரம் கழித்துத் தானாக வந்தது. துளசிமணி அக்கா தனியாக வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். அண்ணன் சாவியைக் கொடுத்துவிட்டு வந்து நாலு நாள் கட்டிலைவிட்டு எழவில்லையாம். ஐந்தாம் நாள் மத்தியானம் சட்டை போட்டுக்கொண்டு கடைக்குப் போனாராம். அன்றிலிருந்து தினமும் போகிறாராம். சண்டை சச்சரவு இல்லை. கண்ணாடி உடைப்பதில்லை. குடித்துவிட்டு வந்து அமைதியாகப் படுத்துக்கொள்கிறாராம்.

"பழைய மாதிரி கத்துனாத் தேவலைங்க அம்மிணி. இதைப் பார்க்க முடியலை."

மடியிலிருந்து ஒரு சின்னத் தகர டப்பாவை எடுத்தார். குங்குமம் ஒட்டியிருந்தது. உள்ளே இரண்டு விரற்கடை மஞ்சள் பொடி.

"மிச்சமுங்க. சாமி அலமாரியில வெச்சிருந்தேன்."

"இதை எதுக்குக்கா இத்தனை வருஷம் வெச்சிருந்தீங்க?"

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன. எனக்கும் உள்ளுக்குள்ள ஒரு கெத்து இருந்துச்சுங்க. ஊரே அவரைக் கும்பிடறப்ப, ஓரமா நின்னு, எனக்கல்ல தெரியும், பண்ணது யாருன்னு நெனைச்சுக்குவேன். ஒண்ணுத்துக்கும் ஆகாதவன்னு எங்க வீட்ல ஒதுக்கி வெச்ச மனுசனை நான் சரிபண்ணேன்னு. வேற என்னங்க பெருசா நான் பண்ணியிருக்கேன் இந்தப் பொழப்புல?"

என்னோடு படித்தவள் ஒருத்தி கோயம்புத்தூரில் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறாள். டப்பாவில் இருந்த பொடியை ஒரு உறையில் கொட்டி அவளுக்கு அனுப்பினேன். மூன்றாம் நாள் பரிசோதனைத் தாளை அனுப்பிவிட்டுப் போன் செய்தாள். சிரித்துக்கொண்டே பேசினாள். கடலை மாவு, மஞ்சள் தூள், கொஞ்சம் சுக்கு. வேறு எதுவும் இல்லை. "குழம்பு கொஞ்சம் கெட்டியாயிருக்கும், அவ்வளவுதான்டி" என்றாள்.

அக்காவை வரச்சொல்லி அதைச் சொன்னேன். அண்ணன் தானாகத்தான் நிறுத்தியிருக்கிறார், மறுபகுப்பில் சொல்லிவிடலாம், லைசென்ஸ் திரும்ப வரும் என்று படபடவென்று பேசிக்கொண்டே போனேன். அக்கா மேஜைமேலிருந்த காலி டப்பாவை எடுத்து மூடினார்.

"அப்ப நானும் இல்லைங்களா?" என்றார்.

எனக்குச் செருப்பால் அடித்தது போல இருந்தது. ஆனாலும் அக்கா எழுந்தார். "சரி விடுங்க. அவருதுன்னா அவருதாகவே இருக்கட்டும். போய்ச் சொல்லுங்க அம்மிணி. நான் சொன்னா நம்ப மாட்டாரு."

கடைக்குள் பொம்பளைகள் போவது எங்கள் ஊரில் வழக்கம் கிடையாது. நான் போனேன். மத்தியானம் இரண்டரை மணி. எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். "என்ன, படம் ஓடுதா?" என்று ஒருவனிடம் கேட்டுவிட்டு உள்ளே போனேன். அவர் சொன்ன அதே மூலையில், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். எதிரே டம்ளர். என்னைப் பார்த்ததும் அவசரமாக எழுந்து, உட்காரச் சொல்லி நாற்காலியைத் துண்டால் தட்டினார்.

"இங்கெல்லாம் நீங்க வரலாமுங்களா அம்மிணி?"

பரிசோதனைத் தாளை மேஜையில் விரித்து வைத்தேன். கடலை மாவு, மஞ்சள், சுக்கு என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினேன். "பொடியில மருந்தே இல்லைங்ணா. எவனோ ஒருத்தன் அக்காவை ஏமாத்தியிருக்கான். நிறுத்தினது நீங்கதான். நீங்க மட்டும்தான்."

அவர் இரண்டு தடவை படித்தார். முகத்தில் ஏதாவது ஒரு வெளிச்சம் வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை.

"நெசமுங்களா?"

"சத்தியமா."

"நம்பறனுங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்." டம்ளரை விரலால் கொஞ்சம் நகர்த்தினார். "ஆனா பாருங்க அம்மிணி. முன்னெல்லாம் இதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கே தெரியும். இப்ப நீங்க வந்து சொல்லித்தான் நான் நம்ப வேண்டியிருக்குது. அன்னிக்கு இல்லைன்னீங்க, நம்புனேன். இன்னிக்கு ஆமாங்கறீங்க, நம்பறேன். நாளைக்கு இன்னொரு தாளு வந்தா?"

"வராதுங்ணா. மறுபடி ஒரே ஒரு தடவை வந்து உக்காருங்க. மூணு நாள் இதைத் தொடாம இருந்துட்டு வாங்க, அதுதான் விதி. அதே கதையை, அதே மாதிரி சொன்னாப் போதும். பொடி பொய்யின்னு காகிதம் இருக்கு. இந்தத் தடவை நூறு வரும்."

டம்ளரை எடுத்து வாயருகே கொண்டுபோனார். பிறகு என்னைப் பார்த்துவிட்டு, குடிக்காமல் கீழே வைத்தார். அதில் பாதி இருந்தது. என் மேல் உள்ள மரியாதைக்குத்தான் வைத்தார் என்று அப்போதே எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் சந்தோஷப்பட்டேன், மடச்சி.

மூன்று நாள் கழித்து, வெள்ளிக்கிழமை வந்தார். சட்டை தேய்க்காமல் இருந்தது. அக்கா கூடவே வந்து, இந்தத் தடவை ஏழாவது கேள்விக்கு 'இல்லை' என்று கொட்டை எழுத்தில் எழுதினார். பரிசோதனைத் தாளை நானே இரண்டு பிரதி உள்ளே செலுத்தினேன். தொப்பியை மாட்டினேன். கதை சொல்லும்போது பகுப்பாளர் குறுக்கே பேசக் கூடாது, சாடை காட்டக் கூடாது. மீறினால் பகுப்பு செல்லாது, ஒருவருக்கு இரண்டு தடவைக்கு மேல் அனுமதியும் கிடையாது.

அண்ணன் கண்ணை மூடினார்.

"பங்குனி மாசமுங்க. நல்ல வெயிலு. மத்தியானம் ரெண்டு மணி. அதே மூலை. ஊத்தியாச்சு, தண்ணி கலந்தாச்சு. டம்ளரை எடுத்து வாய்கிட்டக் கொண்டுபோனேன்." நிறுத்தினார். நெற்றி சுருங்கியது. "அப்ப... ஒரு மாதிரி வயித்தைப் பொரட்டுச்சுங்க. ஆமா. வாடை ஒத்துக்கலை. காத்தால சாப்பிட்ட குழம்பு தொண்டையில நின்னாப்புல இருந்துச்சு. போதும்னு கீழ வெச்சுட்டேன்."

ஐயோ அண்ணா, இல்லைங்ணா என்று கத்த வேண்டும் போல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு திரையைப் பார்த்தேன். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு நிஜமாகவே அப்படித்தான் நினைவிருந்தது. வெயில், டம்ளர், வாய், குமட்டல், மேஜை. ஒன்றோடு ஒன்று அப்படியே பொருந்தின. ஒரு மாதத்துக்கு முன் நான் பார்த்த அந்தச் சுத்தமான நினைவு அவர் தலையில் எங்கேயும் இல்லை. நான் படித்துக் காட்டிய நாலு வரி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு, அதைத் தின்றுவிட்டது. அந்தப் பழைய நினைவு இனி இருப்பது என் தலையில் மட்டும்தான். அதற்குச் சாட்சியாக நான் தொப்பி மாட்டிக்கொள்ள முடியாது.

"பொடியில ஒண்ணுமில்லைன்னு தெரியுமுங்க," என்று அவரே சொன்னார், எனக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு. "ஆனா என்னமோ ஒண்ணு பொரட்டுச்சுங்க. அது மட்டும் நல்லா நெனப்பிருக்குது."

நான் பிரிண்டருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். இரண்டு தாள்கள் வந்தன. ஏன் இரண்டு என்று ஒரு கணம் புரியவில்லை. பிறகுதான் விளங்கியது. மறுபகுப்புக்கு வருகிறவர் இடையில் மறுபடி குடித்ததாக வீட்டார் படிவத்தில் இருந்தால், அந்தக் காரியத்தையும் சேர்த்தே பகுக்க வேண்டும் என்பதும் விதி. பாழாய்ப்போன விதி எல்லாவற்றுக்கும் ஒன்று இருக்கிறது.

உட்காரவைத்துப் படித்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"முதல் காரியம். பதினொரு ஆண்டுகளுக்கு முன் குடியை நிறுத்தியது. காரணம், அடையாளம் தெரியாத உடல் ஒவ்வாமை. சுயப்பங்கு, இரண்டு."

அக்கா சேலையை வாயில் திணித்துக்கொண்டார். அண்ணன் தலையை மட்டும் ஆட்டினார். எதிர்பார்த்தவர் மாதிரி.

"இரண்டாவது காரியம். மறுபடி குடிக்கத் தொடங்கியது. வெளித் தூண்டுதல் குறிப்பிடத்தக்க அளவில் இல்லை. சுயப்பங்கு, எண்பத்தெட்டு."

குறிப்பிடத்தக்க அளவில் இல்லையாம்! நான் இல்லை, என் தயிர்ச்சோற்று அவசரம் இல்லை, வாய்விட்டுப் படித்தது இல்லை, சாவியைக் கொடுத்தது இல்லை. தாளைக் கிழித்துப்போட வேண்டும் என்று கை பரபரத்தது. "இதை நம்பாதீங்கண்ணா, இது எல்லாமே பொய், நாந்தான் காரணம், நான் சொல்றேன்" என்று விதியை மறந்து கத்திவிட்டேன். பக்கத்து அறையிலிருந்து சந்தானகிருஷ்ணன் சார் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

அண்ணன் நான் கத்தியதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. இரண்டாவது தாளைக் கேட்டு வாங்கி, எண் இருக்கிற இடத்தைக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு மாதத்துக்கு அப்புறம் முதல் தடவையாக அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"எம்பத்தெட்டுங்களா?"

"ஆமாங்ணா."

"அப்ப இதாவது எம்படதுதானுங்களே அம்மிணி?"

அவர் அந்தத் தாளை நாலாக மடித்து, முன்பு சாவி வைத்திருந்த பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார். இன்னொன்றை மேஜையிலேயே விட்டுவிட்டு, அக்காவிடம் "நீ வீட்டுக்குப் போ தொளசி, நான் இப்படியே வந்தர்றேன்" என்று சொல்லிவிட்டுக் கடைப் பக்கம் நடந்தார்.